இயந்திரம் படிக்கும் சட்டம்: துளையட்டை முதல் மென்பொருள் முகவர் வரை

ஒரு நிறுவனம், வேலைக்கு விண்ணப்பித்தவர்களைத் தரம் பிரிக்க ஒரு ஏஐ மென்பொருளை வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஐரோப்பாவில் பயன்படுத்தலாமா? என்னென்ன நிபந்தனை? எந்தத் தேதியிலிருந்து? ஒரு காலத்தில் இந்தக் கேள்விகள் நேராக வக்கீலிடம் போகும். இப்போது பல இடங்களில் முதலில் இன்னொரு மென்பொருளிடம் போகின்றன. மென்பொருள் முகவர் என்று அதற்குப் பெயர். சொன்ன வேலையை முடிக்கத் தானே தேடி, தானே படித்து, அடுத்து என்ன செய்வது என்று தானே முடிவெடுக்கும் நிரல் அது.

ஆக, ஏஐயைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை ஏஐயே படிக்கிறது! வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் உள்ளே சீரியஸான கேள்விகள் இருக்கின்றன. அந்த முகவர் படிப்பது எந்தப் பிரதி? அது இன்றைக்குச் செல்லுபடியாகும் பிரதிதானா? தப்பாகப் படித்தால் நஷ்டம் யாருக்கு?

சட்டத்தைக் கணினிக்குப் படிக்கக் கொடுக்கும் முயற்சிக்கு அறுபது வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு. அதைப் புரட்டினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. சட்டத்தின் உரையை இயந்திரத்துக்குக் கொடுப்பது வேறு. சட்டத்தின் பொருளை இயந்திரத்துக்குக் கொடுப்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிய இடத்தில் சாதாரண மக்கள் அடிபட்டிருக்கிறார்கள்.

பிட்ஸ்பர்க்கில் ஒரு சொல்லைத் தேடிய கதை

1950களின் இறுதி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், தன் சட்டங்களில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைக் குறிக்கும் பழைய, புண்படுத்தும் சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல் போட முடிவு செய்தது. அந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று யாராவது தேட வேண்டுமே! பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சுகாதாரச் சட்ட மையத்தில் இருந்த ஜான் ஹார்ட்டியிடம் வேலை வந்தது. அவர் மாணவர்களை உட்கார வைத்துப் பக்கம் பக்கமாகப் படிக்கச் சொன்னார். ஆனாலும் பல இடங்கள் கண்ணுக்குத் தப்பின.

பிறகு ஹார்ட்டி வேறு வழி பிடித்தார். சட்டத்தின் முழு உரையையும் துளையட்டையில் அடித்து, காந்த நாடாவில் ஏற்றி, கணினியையே தேடச் சொன்னார். 1960இல் அமெரிக்க வக்கீல்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இதைச் செய்தும் காட்டினார். இன்றைக்குத் தேடுபொறியில் நான்கு எழுத்து தட்டுவது சாதாரண விஷயம். அன்று அது மந்திரம் மாதிரி இருந்திருக்கும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. ஹார்ட்டியின் கணினி சட்டத்துக்கு அர்த்தம் சொல்லவில்லை. சொல் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டியது. அர்த்தம் சொல்லும் வேலை மனிதரிடமே இருந்தது.

சட்டம் கடைக்கு வந்தது

இந்த யோசனையில் காசு இருக்கிறது என்று சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். ஒஹையோ மாநில வக்கீல்கள் சங்கம் தொடங்கிய ஒரு தேடல் திட்டம் மீட் என்ற காகித நிறுவனத்தின் கைக்குப் போனது. அதிலிருந்து 1973இல் லெக்ஸிஸ் பிறந்தது. வக்கீல் அலுவலகங்கள் கட்டணம் கட்டி, தனி முனையத்தின் வழியாகச் சட்டங்களையும் தீர்ப்புகளையும் தேடின. சட்டத்தை எழுதியது மக்கள் பணத்தில் நடக்கும் சட்டமன்றம். அதை வசதியாகத் தேடிப் பார்க்கவோ தனியாருக்குப் பணம் கட்ட வேண்டும்!

இந்த நிலைக்கு எதிர்க்குரல் இணையத்தோடு வந்தது. 1992இல் கார்னல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மார்ட்டினும் தாமஸ் புரூஸும் சட்டத் தகவல் மையத்தைத் தொடங்கி, சட்டங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டார்கள். 1995இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆஸ்ட்லீ என்ற தளத்தை உருவாக்கின. 2002இல் மாண்ட்ரியலில் இப்படிப்பட்ட அமைப்புகள் கூடி, சட்டத் தகவல் மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்ற கருத்தில் ஒரு பிரகடனம் செய்தன.

இவ்வளவும் உரையின் கதை. இன்னொரு பக்கம் வேறொரு கூட்டம் பொருளைப் பிடிக்கக் கிளம்பியிருந்தது.

நிரலாக மாறிய குடியுரிமை

பிரிட்டனில் 1981ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 1983 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை பிரிட்டன் மண்ணில் பிறந்தாலே போதும் என்றிருந்த நிலை மாறியது. அங்கே பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை வேண்டுமென்றால், பிறந்த நேரத்தில் அம்மாவோ அப்பாவோ குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது அங்கே நிரந்தரமாகக் குடியேறியவராக இருக்க வேண்டும். பெரிய சர்ச்சையைக் கிளப்பிய சட்டம் அது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மாரெக் செர்காட், ராபர்ட் கோவால்ஸ்கி உள்ளிட்ட 6 பேர் அந்தச் சட்டத்தை எடுத்து, புரோலாக் என்ற தர்க்க நிரல்மொழியில் எழுதிப் பார்த்தார்கள். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 1986இல் வெளிவந்தது. இந்தத் துறையில் யார் என்ன எழுதினாலும் இன்றுவரை அந்தக் கட்டுரையைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். "இன்னது உண்மையானால், இன்னதும் உண்மையானால், இவர் குடிமகன்" என்று சட்டத்தின் வாக்கியங்கள் அப்படியே விதிகளாக மாறின.

ஆனால் எல்லாம் அவ்வளவு சுலபமாக மாறவில்லை. அந்தச் சட்டத்தின் முதல் பிரிவில், அனாதையாகக் கண்டெடுக்கப்பட்ட பச்சிளம் குழந்தையைப் பற்றி ஒரு விதி உண்டு. வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை அந்தக் குழந்தை தகுதியுள்ள பெற்றோருக்குப் பிறந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். "நிரூபிக்கப்படாதவரை" என்ற ஒரு சொல்லை மனிதர் சட்டென்று புரிந்துகொள்வார். கணினிக்கோ அது பெரிய தலைவலி. இன்று நிரூபிக்கப்படவில்லை, நாளை ஒருவர் சாட்சி சொன்னால்? நேற்று குடிமகன் என்று வந்த பதில் நாளை இல்லை என்று மாற வேண்டும்.

அதே சட்டத்தில், வெளிநாட்டவர் குடியுரிமை பெற நல்ல நடத்தை உள்ளவராக இருக்க வேண்டும் என்றும் வருகிறது. நல்ல நடத்தை என்றால் என்ன? அதை எந்த நிரலாலும் கணக்குப் போட முடியாது. பதிலை ஒரு மனிதர்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

சட்டத்துக்கு ஒரு கதவு எண்

பொருளைப் பிடிப்பது கஷ்டம் என்று தெரிந்த பிறகு, உரையையாவது ஒழுங்காகக் கொடுக்கலாமே என்ற எண்ணம் வலுத்தது. இணையத்தில் சட்டம் கிடைத்தாலும் அது மனிதக் கண்ணுக்கான பக்கமாகவே இருந்தது. எது பிரிவு, எது உட்பிரிவு, எது திருத்தம், எந்தத் தேதியில் சேர்ந்தது, இவை எதுவும் இயந்திரத்துக்குத் தெரியாது.

இதற்கு ஒரு நல்ல பதில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 2000களின் நடுவில், ஆப்பிரிக்க நாடாளுமன்றங்களின் ஆவணங்களை ஒழுங்குபடுத்த ஐக்கிய நாடுகள் சபை எடுத்த முயற்சியில் அகோமா ந்டோசோ என்ற குறிமுறை உருவானது. கானா நாட்டின் அகான் மொழியில் அதற்கு இணைந்த இதயங்கள் என்று பொருள். இத்தாலியின் போலோனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோனிகா பால்மிரானியும் ஃபேபியோ விட்டாலியும் இதன் பின்னால் இருந்த முக்கியமான இருவர். 2018இல் இது ஒரு சர்வதேசத் தரநிலையாக ஏற்கப்பட்டது.

பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் 2010இல் தொடங்கிய சட்டத் தளத்தில், பல சட்டங்களை ஒரு குறிப்பிட்ட தேதியில் எப்படி இருந்ததோ அப்படியே கேட்டு வாங்கலாம். ஐரோப்பிய நாடுகள் 2012இல் சட்டங்களுக்குப் பொதுவான ஓர் அடையாள முறைக்கு ஒப்புக்கொண்டன. தெருவுக்குப் பெயரும் வீட்டுக்குக் கதவு எண்ணும் இருந்தால் தபால்காரர் யாரையும் விசாரிக்காமல் வந்து சேர்வார் அல்லவா? சட்டத்துக்கும் அதேதான்.

ஒரு சராசரி செய்த கொடுமை

இதற்கிடையில், பொருளை நேராக நிரலாக்கிய ஓர் அரசாங்கம் என்ன செய்தது என்று பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் உதவித்தொகை வாங்கியவர்கள் கூடுதலாக வாங்கிவிட்டார்களா என்று கண்டுபிடிக்க 2016இல் ஒரு தானியங்கி முறை முழுவீச்சில் ஓடத் தொடங்கியது. ரோபோடெட் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

சட்டப்படி, உதவித்தொகைக்கான வருமானத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். வரித்துறையிடம் இருந்ததோ வருட வருமானம். அந்த முறை என்ன செய்தது? வருட வருமானத்தை 26ஆல் வகுத்தது, அவ்வளவுதான்!

ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் 6 மாதம் வேலை பார்த்து, இரண்டு வாரத்துக்கு 2,000 டாலர் வீதம் 13 தடவை சம்பளம் வாங்கினார். மொத்தம் 26,000. அடுத்த 6 மாதம் வேலை இல்லை, உதவித்தொகையில் ஓட்டினார். 26,000ஐ 26ஆல் வகுத்தால் 1,000. அதாவது கையில் ஒரு காசும் இல்லாத காலத்திலும் அவர் இரண்டு வாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்ததாகக் கணினி நினைத்தது. நேர்மையாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி வீட்டுக்குக் கடிதம் வந்தது. கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது.

2019 நவம்பரில் ஃபெடரல் நீதிமன்றத்தில் இந்த முறை சட்டப்படி செல்லாது என்று முடிவானது. 2020 மே மாதம் சுமார் 4,70,000 கடன்களுக்காக 72 கோடி டாலர் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. 2023 ஜூலையில் வெளிவந்த அரச ஆணைய அறிக்கை திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. குடும்பங்கள் பட்ட பாடு, போன உயிர்கள், எல்லாம் அந்த விசாரணையில் பதிவாயின.

இங்கே கணினி தப்பாகக் கூட்டவோ வகுக்கவோ இல்லை. கணக்கு சரி. அது போட்ட கணக்கு சட்டத்தில் இல்லாத கணக்கு! யாரோ சிலர் செய்த விளக்கம் நிரலுக்குள் போய், சட்டம் என்ற பெயரில் வெளியே வந்தது. சட்டப் பிரிவையும் நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வெளியாளுக்கு வழியே இல்லை.

பிரான்சில் டெனி மெரிகூவும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய கட்டாலா நிரல்மொழி இதற்கு ஒரு மாற்று. அதில் சட்டத்தின் மூல வாசகமும், அந்த வாசகத்துக்கான நிரலும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்கும். வக்கீலும் நிரலாளரும் ஒன்றாக உட்கார்ந்து வரி வரியாகச் சரிபார்க்கலாம்.

ஏஐ சட்டங்கள் வந்தபோது

இனி முதலில் பார்த்த முகவரிடம் திரும்பலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், 2024ஆம் ஆண்டின் 1689ஆம் எண் ஒழுங்குமுறை, 2024 ஜூலை 12 அன்று அரசிதழில் வெளியாகி ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது. 113 பிரிவுகள், 13 இணைப்புகள், முன்னுரையாக 180 பத்திகள். 24 மொழிகளிலும் அதிகாரபூர்வ உரை. விண்ணப்பதாரர்களைத் தரம் பிரிக்கும் மென்பொருள் அதன் 3ஆம் இணைப்பில், அதிக ஆபத்துள்ளவை பட்டியலில் வருகிறது.

தேதிகள்தான் சிக்கல். சட்டம் ஒரே நாளில் முழுதாகப் பொருந்தவில்லை. தடை செய்யப்பட்ட பயன்பாடுகளுக்கு 2025 பிப்ரவரி 2, பொதுப்பயன் மாதிரிகளுக்கு 2025 ஆகஸ்ட் 2, பெரும்பாலான மற்றவற்றுக்கு 2026 ஆகஸ்ட் 2 என்று மூல உரை நாள் குறித்தது. பிறகு 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையமே, அதிக ஆபத்துள்ளவற்றுக்கான நாளைத் தள்ளிப்போட முன்மொழிந்தது.

அமெரிக்காவில் இன்னும் வேகம். 2023 அக்டோபர் 30 அன்று அதிபர் பைடன் ஏஐ பற்றி 14110ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். 2025 ஜனவரி 20 அன்று, டிரம்ப் பதவியேற்ற அதே நாளில் அது ரத்தானது. கொலராடோ மாநிலம் 2024 மே மாதம் கொண்டுவந்த ஏஐ சட்டத்துக்கு 2026 பிப்ரவரி 1 என்று நாள் வைத்தது. 2025 ஆகஸ்டில் அதை 2026 ஜூன் 30க்குத் தள்ளியது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு மொழி மாதிரி 2024இல் படித்ததை நினைவில் வைத்துப் பதில் சொன்னால், செத்துப்போன ஆணையை உயிரோடிருப்பதாகச் சொல்லும். அதுவும் தயக்கமே இல்லாமல்! 2023இல் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில் நடந்தது தெரிந்ததே. சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளை அப்படியே மனுவில் சேர்த்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

எனவே முகவர் தன் நினைவை நம்பாமல், கேள்வி வரும் ஒவ்வொரு தடவையும் அதிகாரபூர்வ மூலத்துக்குப் போய்ப் படிக்க வேண்டும். அதற்கான குழாய்கள் இப்போது இருக்கின்றன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், முகவரை வெளித் தரவுத்தளங்களோடு இணைக்கும் ஒரு பொது நெறி. ஐரோப்பியச் சட்டத் தளமோ, ஒவ்வொரு சட்டத்துக்கும் நிலையான முகவரியும் இயந்திரம் படிக்கும் கோப்பும் ஏற்கெனவே தருகிறது. ஹார்ட்டியின் காந்த நாடாவில் தொடங்கிய வேலைக்கு இப்போதுதான் முழுப் பயன் கிடைக்கிறது.

பூட்டிய அலமாரி

ஆனால் ஒரு பூட்டு இன்னும் இருக்கிறது. ஏஐ சட்டம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. எப்படிச் செய்வது என்ற தொழில்நுட்ப விவரத்தைத் தரநிலைகளிடம் விடுகிறது. அதன் 40ஆம் பிரிவின்படி, அரசிதழில் குறிப்பிடப்பட்ட தரநிலையைப் பின்பற்றினால் சட்டத்தைப் பின்பற்றியதாகவே கருதப்படும். அந்தத் தரநிலைகளை எழுதுவது தனி அமைப்புகள். வழக்கமாக அவற்றைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சட்டம் இலவசம், சட்டத்தைப் பின்பற்றும் வழி விலைக்கு!

இதை எதிர்த்து நடந்த ஒரு வழக்கில், 2024 மார்ச் 5 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விஷயம் பொம்மைப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. இத்தகைய தரநிலைகள் ஐரோப்பியச் சட்டத்தின் ஒரு பகுதி, மக்கள் அவற்றைப் பார்ப்பதில் பொதுநலன் மேலோங்குகிறது என்று நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்ட பப்ளிக் ரிசோர்ஸ் அமைப்பு, 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் ஒரு வழக்கில் ஜெயித்திருந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் அதிகாரபூர்வச் சட்டத் தொகுப்பில் உள்ள குறிப்புரைகளுக்குக் காப்புரிமை கோர முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. 5க்கு 4 என்ற கணக்கில் வந்த வெற்றி. அந்தக் குறிப்புரைகளை ஒப்பந்தத்தில் தயாரித்தது 1973இல் தொடங்கிய அதே லெக்ஸிஸின் வாரிசு நிறுவனம்!

பணம் உள்ள நிறுவனத்தின் முகவர் தரநிலையைப் படித்துவிடும். சிறு கடைக்காரரின் முகவரும், வேலை மறுக்கப்பட்ட விண்ணப்பதாரரின் முகவரும் வாசலிலேயே நின்றுவிடும். ஒரே சட்டத்தை இருவரும் ஒரே அளவு படிக்க முடியாவிட்டால் அது எப்படி ஒரே சட்டமாகும்?

வவுச்சர் எங்கே?

கணக்குப் படிக்கும் மாணவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பேரேட்டில் ஒரு பதிவு இருக்கிறது என்பதால் மட்டும் தணிக்கையாளர் அதை நம்பிவிடமாட்டார். வவுச்சரைக் கேட்பார். பேரேட்டுப் பதிவு என்பது ஒருவருடைய விளக்கம், வவுச்சர்தான் ஆதாரம்.

முகவர் சொல்லும் பதில் பேரேட்டுப் பதிவு மாதிரி. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதியின் பிரதி, எங்கிருந்து எடுத்தது என்ற நான்கும் அதன் வவுச்சர். இந்த நான்கையும் யாரும் இலவசமாகச் சரிபார்க்கும்படி வைப்பது அரசாங்கத்தின் வேலை. அதை ஒரு கம்பெனியின் கட்டணச் சேவையாக விட்டுவிடக் கூடாது. நல்ல நடத்தை எது, நிரூபிக்கப்பட்டது எது என்ற தீர்ப்பு மட்டும் பெயரும் பொறுப்பும் உள்ள ஒரு மனிதரிடம் இருக்க வேண்டும்.

ரோபோடெட் கடிதம் வாங்கிய ஆஸ்திரேலியர்களிடம் அரசாங்கம் பழைய சம்பளச் சீட்டுகளைக் கேட்டது. வருமானத்தை 26ஆல் வகுக்கலாம் என்று எந்தச் சட்டப் பிரிவு சொல்கிறது என்பதைத் தன் கடிதத்திலேயே காட்ட வேண்டிய கட்டாயம் அன்று அந்த அரசுக்கு இருந்திருந்தால், முதல் கடிதமே தபாலுக்குப் போயிருக்காது. காட்டுவதற்கு அப்படி ஒரு பிரிவே இல்லை.